சிரிப்பும் கண்ணீரும் போதுமா?

பிறரைக் கண்டு நகைப்பதற்கு மனிதனுக்குப் பயிற்சி தேவையில்லை. நகைப்பை அடக்கிக்கொள்வதற்கே பயிற்சி தேவை. ஐம்பது வயதைக் கடந்த பிறகு இந்தப் பாடத்தை நமக்கு நினைவூட்டியவன் நம் ஏழு வயதுப் பேரன்.

குத்தம்பாக்கத்தில் நம் இல்லத்துக் கூடத்தில், ஒரு விடுமுறை நாளில், பிள்ளைகள் தொலைக்காட்சியில் ‘காஞ்சனா’ பார்த்துக்கொண்டிருந்தனர். அஸர் தொழுதுவிட்டு வந்த நாம் வாசற்படியில் சற்றே நின்றோம். பேய் பிடித்த கதாநாயகன் புடவை உடுத்தி, வளையல் அணிந்து நடக்கும் காட்சி. கூடமே சிரிப்பால் அதிர்ந்தது. நாமும் புன்னகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. மறுநாள் கடைவீதியில், கடை கடையாகக் காசு கேட்டு வந்த திருநங்கை ஒருவரைக் கண்டதும், நம் கையைப் பிடித்து நடந்த பேரன் இடையை வளைத்துக் கைகளைத் தட்டிக் காட்டினான். அவர் திரும்பிப் பார்த்தார், கோபிக்கவில்லை, பழகிப்போனவர் போல அடுத்த கடைக்கு நகர்ந்தார். நாம் பேரனை அதட்டினோம். “நேற்றுப் படம் பார்த்து எல்லாரும் சிரித்தீங்களே?” என்று கேட்டான். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

திரைப்படம் பார்ப்பது தகுமா, தகாதா என்னும் விவாதத்தை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. தகாதென்று நாம் சொன்ன பிறகும் அது கூடத்துக்குள் வந்துவிட்டது. இப்போது கைபேசியாகி உள்ளங்கைக்குள்ளும் வந்துவிட்டது. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஒரு திருநங்கையிடம் ஒரு வார்த்தையேனும் பேசுவதற்கு முன்பே, திரையில் பத்துப் பேரைப் பார்த்துவிடுகின்றனர். ஆகவே வேறொரு வினாவை எழுப்புவது நம் கடமையாகிறது. திரை ஒரு மனிதரை எவ்வாறு காட்டினால், அது அவருக்கு நீதி செய்ததாகும்?

மதரஸாவில் ஓதியவர்கள் ‘முகல்லஃப்’ என்னும் சொல்லை அறிவார்கள். பருவமும் அறிவும் எய்தி, தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும் மனிதனைக் குறிக்கும் சொல் அது. கல்லுக்கும் மரத்துக்கும் கேள்வி கணக்கு இல்லை. மனிதனுக்கு உண்டு. பலர் இதைச் சுமையாகக் கருதுகின்றனர். நாம் இதை மரியாதையாகவே கருதுகிறோம். ‘நீ பதில் சொல்ல வேண்டியவன்’ என்று ஒருவனிடம் கூறுவதும், ‘நீ தேர்ந்தெடுக்கக் கூடியவன், தவறக் கூடியவன், வருந்தித் திருந்தக் கூடியவன்’ என்று கூறுவதும் ஒன்றே அன்றோ? மனித வளர்ச்சி என்பதெல்லாம் இந்த எல்லைக்குள்தான் நிகழ்கிறது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, தமிழ்த் திரை திருநங்கையரை எவ்வாறு காட்டி வந்திருக்கிறது என்று நோக்குவோம்.

நெடுங்காலம் அவர்கள் ஒரு பாட்டுக்கோ ஒரு கேலிக்கோ வந்து போயினர். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ‘அப்பு’ படத்தில் பிரகாஷ்ராஜ் ஏற்ற பாத்திரம், பெண்களை விலைக்கு வைக்கும் கொடிய வில்லன். 2015-இல் வெளியான ‘ஐ’ படத்தில் ஒப்பனைக் கலைஞராக வரும் பாத்திரம் அருவருப்புக்கும் கேலிக்கும் இலக்காக்கப்பட்டபோது, திருநங்கையர் சென்னையில் எதிர்ப்புத் தெரிவித்தனர். இத்தகைய படங்களில் அந்தப் பாத்திரம் முதற்காட்சியில் எப்படியோ, இறுதிக் காட்சியிலும் அப்படியே. வளர்வதற்கு அதற்கு இடமே இல்லை. சுவரில் மாட்டிய முகமூடி வளருமா?

மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) வேறொன்றைச் செய்தது. கலவரத் தீக்கிடையே பெற்றோரைப் பிரிந்து திகைக்கும் சிறுவனை அணைத்துக் காப்பவர் ஒரு திருநங்கை. இந்து வீட்டுப் பிள்ளையா, முஸ்லிம் வீட்டுப் பிள்ளையா என்று ஊரே வாள் முனையில் வினவிக்கொண்டிருந்த நேரத்தில், அவ்வினாவைக் கேளாத ஒருவரை இயக்குநர் காட்டினார். உயர்ந்த காட்சிதான். ஆயினும் அவருக்கு முன்கதையும் இல்லை, பின்கதையும் இல்லை. நற்செயலைச் செய்துவிட்டு மறைந்துவிடுகிறார்.

பின்னர் வந்தது ராகவா லாரன்சின் ‘காஞ்சனா’ (2011). பேரன் பார்த்துச் சிரித்த அதே படம்தான். அதன் பிற்பகுதியைப் பொறுமையுடன் பார்ப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பெற்றோர் துரத்திவிட்ட காஞ்சனாவுக்கு அடைக்கலம் தருபவர் ஒரு முஸ்லிம் பெரியவர்; ‘பாய்’ என்றே அழைக்கப்படுகிறார். தான் மருத்துவராக முடியாத ஏக்கத்தைச் சுமந்த காஞ்சனா, தன்னைப் போலவே கைவிடப்பட்ட கீதாவை எடுத்து வளர்த்து மருத்துவம் படிக்க வைக்கிறாள். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட நிலம் வாங்குகிறாள். ஓர் ஆன்மா துயரத்திலிருந்து பொறுப்புக்கு உயர்வதை சரத்குமார் அப்பாத்திரத்தில் நன்கு காட்டினார். ஆனால் படம் என்ன செய்கிறது? அவளைக் கொன்றுவிடுகிறது, அடைக்கலம் தந்த பெரியவரையும் கொன்றுவிடுகிறது. அதன் பின் பேயாக வந்து பழி தீர்க்கிறாள். உயிரோடிருக்கும் திருநங்கை நீதி பெறுவதை நம்ப முடியாத திரை, இறந்த பின் பெறுவதை நம்பச் சொல்கிறது. பிள்ளைகள் நினைவில் நின்றதோ, மருத்துவமனைக்கு நிலம் வாங்கிய காஞ்சனா அல்லள். புடவை கட்டிய கதாநாயகன்.

2020-இல் வெளியான ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய ‘தங்கம்’, நம் சமுதாயத்தின் வாசற்படியிலேயே வந்து நிற்கிறது. காளிதாஸ் ஜெயராம் ஏற்ற சத்தார் என்னும் பாத்திரம், 1980-களின் தொடக்கத்தில் ஒரு சிற்றூரில், ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. தன் உடலை மாற்றிக்கொள்ளச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை, தன் சகோதரி சாஹிராவும் அவள் விரும்பியவனும் ஊரைவிட்டுப் போய் வாழ்வதற்காகக் கொடுத்துவிடுகிறது. அந்த மணத்தை மார்க்கம் ஏற்குமா என்பது வேறு விஷயம். தன் கனவைப் பிறர் வாழ்வுக்காக விட்டுக்கொடுக்கும் உள்ளத்தை நாம் மதிக்காமல் இருக்க முடியாது. பிறகு கயவர் துரத்த, சத்தார் ஓடிவந்து பெற்ற வீட்டின் கதவைத் தட்டுகிறது. கதவு திறக்கவில்லை. பிள்ளைகளுடன் பார்க்கத் தக்க படமன்று; ஆயினும் அந்தக் கதவைப் பார்த்தபோது நாம் கண்ணீர் விட்டோம்.

கண்ணீர் விட்ட பிறகுதான் ஐயம் எழுந்தது. நம் கண்ணீர் யாருக்கு நன்மை செய்தது? சிரிப்பில் நாம் அவரைத் தாழ்த்தினோம்; கண்ணீரிலோ அவர் மரணத்தைக் கொண்டு நம் உள்ளத்தைக் கழுவிக்கொண்டோம். இரண்டிலும் படம் முடிந்தபோது அவர் இல்லை, நாம்தான் எஞ்சியிருந்தோம்.

தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) இங்கேதான் மாறுபடுகிறது. பெரியவர்களுக்கென்றே சான்றளிக்கப்பட்ட அப்படத்தில் நாம் ஏற்க முடியாத பகுதிகள் பல உண்டு. எனினும் விஜய் சேதுபதி ஏற்ற ஷில்பா இறக்கவில்லை. மனைவியையும் மகனையும் விட்டுச் சென்றவர், பல ஆண்டுகள் கழித்துப் பெண்ணாகத் திரும்பி வருகிறார். அவர் புனிதரும் அல்லர். பிள்ளைகளைப் பிச்சையெடுக்க வைக்கும் கூட்டத்தின் கையில் தாம் சிறுவரைச் சேர்த்த பாவத்தை எண்ணிப் புழுங்குகிறார். தம் மகன் ராசுக்குட்டியைத் தொலைத்துவிட்டுத் தேடும்போது, அந்தப் பாவமே தம்மைத் துரத்துவதாக நடுங்குகிறார். மகனோ, தந்தை எந்தக் கோலத்தில் வந்தார் என்பதைப் பொருட்படுத்தவில்லை. ஏன் விட்டுப் போனார் என்பதே அவன் மனக்குறை. உடையைப் பற்றி ஊர் கேட்கிறது. கடமையைப் பற்றிப் பிள்ளை கேட்கிறான். அந்தக் கேள்விக்கு முன் ஷில்பா தலை குனிவதில்தான் வளர்ச்சி இருக்கிறது. குற்றம் உணர்ந்து, திரும்பி, கடமையை ஏற்பதை நாம் தவ்பா என்கிறோம். பாவமே செய்ய முடியாதவராக ஒருவரைக் காட்டுவதைக் காட்டிலும், தவ்பாவுக்குத் தகுதியுடையவராகக் காட்டுவது பெரிய மரியாதை.

இப்படத்தையும் திருநங்கையர் சிலர் கண்டித்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பிள்ளை பிடிப்பவர் என்னும் பழைய அவதூறுக்கு இது வலு சேர்க்காதா, தங்கள் வேடத்தைத் தாங்களே ஏற்கக் கூடாதா என அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்விகளே. 2024-இல் அதற்கு ஒரு விடையும் வந்தது. தாமும் திருநங்கையான சம்யுக்தா விஜயன், தாமே இயக்கித் தாமே நடித்த ‘நீல நிறச் சூரியன்’ வெளிவந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர், தம்மைப் பெண்ணாக வெளிப்படுத்திக்கொண்டு அதே பள்ளியில் பணியைத் தொடர முயல்வதே கதை. பேயும் இல்லை, பழியும் இல்லை. நாளை காலை வகுப்புக்குப் போக வேண்டும் என்னும் கவலை இருக்கிறது. நாமும் ஆசிரியர் என்பதால், அந்தக் கவலையின் எடை நமக்குத் தெரியும்.

வாழ்க்கை திரையை எப்போதோ முந்திவிட்டது என்றே கூற வேண்டும். தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008-இல் அமைந்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. பிரித்திகா யாஷினி 2017-இல் காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவர்களை வளர்த்தது பிறர் சிந்திய கண்ணீரா? அன்று. அவர்கள் உழைக்க ஒரு பணியும், கற்க ஓர் ஆசானும், பதில் சொல்ல ஒரு பொறுப்பும் கிடைத்தன; வளர்ந்தார்கள்.

“மார்க்கம் இதில் என்ன சொல்கிறது?” என்று வாசகர் கேட்பது இயல்பு. நம் ஃபிக்ஹு நூல்களில் ‘குன்ஸா’ பற்றிய சட்டங்கள் விரிவாகவே உள்ளன. பிறவியிலேயே உடலமைப்பில் ஆண் பெண் தெளிவற்றவரை அச்சொல் குறிக்கும். ஜமாஅத் தொழுகையில் அவர் நிற்கும் வரிசை எது, சொத்தில் பங்கு எவ்வளவு, மையித்தைக் குளிப்பாட்டுவதும் கஃபனிடுவதும் எங்ஙனம் என இமாம்கள் நுணுகி ஆராய்ந்தனர். திரையில் வரும் திருநங்கையர் அனைவரும் இவ்வகையினர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் அந்த இமாம்கள் ‘இவருக்கு இடமுண்டா?’ என்று கேட்கவில்லை, ‘இவருக்கு இடம் எங்கே?’ என்றே கேட்டனர் என்பது கருதத்தக்கது. நடையிலும் பேச்சிலும் இயல்பாகவே நளினம் அமைந்தவர்மீது பழியில்லை. வலிந்து மேற்கொள்வதே கண்டனத்துக்குரியது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் பிரித்துரைத்தார்கள். அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து விவாதம் உண்டு. மருதாணியிட்ட அத்தகைய ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் ஊருக்கு அப்பால் அனுப்பினார்கள். கொன்றுவிடலாமா என்று தோழர்கள் வினவியபோது தடுத்தார்கள். தொழுபவரைக் கொல்லத் தமக்கு அனுமதியில்லை என்பதே காரணம். கண்டிக்கும் வேளையிலும் அவர் தொழுகையாளி என்பது மறக்கப்படவில்லை.

உடை பற்றியும் அறுவைச் சிகிச்சை பற்றியும் உலமாக்கள் கூறுவதை அவரவர் இடத்தில் கேட்டறிக. ஆனால் ஒன்றில் விவாதமே இல்லை. ஒருவர் மற்றவரை ஏளனம் செய்வதையும், இழிபெயர் சூட்டி அழைப்பதையும் ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுத்துவிட்டது. திருநங்கையருக்கு அதில் விலக்கு ஏதும் எழுதப்படவில்லை.

நாம் வாழும் குத்தம்பாக்கம் ஒரு வகையில் பெயர் பெற்ற ஊர். 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ அவர்களின் முயற்சியால், தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகள் இங்கே எழுந்தன. பிரிக்கும் சுவரைப் பொதுச் சுவராக்க முடியும் என்று காட்டிய ஊரில் இருந்துகொண்டு, நம் உள்ளத்தில் நிற்கும் சுவரைப் பற்றி வாளாவிருப்பது முறையாகாது. அதனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்.

பல்லாண்டுகளுக்கு முன், வேறோர் ஊர் மக்தபில் நாம் ஓதிக்கொடுத்தபோது, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். குரல் மென்மை, நடை மென்மை. ‘அர்ரஹ்மான்’ சூராவை அவன் ஓதினால் பெரியவர்களும் நின்று கேட்பர். மற்றப் பையன்கள் அவனுக்கு ஒரு சினிமாப் பட்டப் பெயர் வைத்தனர். அழுதுகொண்டு வந்து சொன்னான். “நீ ஆம்பளைப் புள்ளையா நடந்தா அவங்க ஏன் சிரிக்கப் போறாங்க?” என்றோம். அடுத்த மாதம் அவன் வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்கவும் நாம் போகவில்லை.

ஆண்டுகள் உருண்டன. ஒரு மாலை, பூந்தமல்லி பேருந்து நிலையத்தில், புடவை உடுத்திய ஒருவர் நம் முன் வந்து, “அஸ்ஸலாமு அலைக்கும், ஹஜ்ரத்” என்றார். முகம் புலப்படவில்லை, குரல் புலப்பட்டது. சுற்றிலும் தெரிந்தவர்கள் நின்றனர். நாம் உதடு மட்டும் அசைய மறுமொழி முணுமுணுத்துவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டோம். சலாத்துக்குப் பதில், சொன்னவர் காதில் விழ வேண்டும் என்பது நாம் மாணவர்க்குக் கற்பித்த சட்டம். அன்று நாம் சொன்னது அவர் காதில் விழவில்லை. எனவே அந்தக் கடமை இன்றும் நம் கழுத்தில் இருக்கிறது. ‘தங்கம்’ படத்தில் கதவடைத்த தந்தையை எண்ணி அழுதோமே, அந்தக் கதவுக்குப் பின்னால் நாமும்தான் நின்றிருந்தோம்.

சென்ற வாரம் அதே கடைவீதியில் அந்தத் திருநங்கை மீண்டும் வந்தார். பேரன் நம் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். நாம் காசை அவன் கையில் தந்து, “அவங்க கையில மரியாதையாக் கொடு” என்றோம். கொடுத்தான். அவர் அவன் பெயரைக் கேட்டார், சொன்னான். பிறகு அவன் அவர் பெயரைக் கேட்டான். எந்தப் படத்திலும் கேட்கத் தோன்றாத அந்தக் கேள்வியை அவன் கேட்டபோது, அவர் முகத்தில் முதன்முறையாக வியப்பு தெரிந்தது.