வேருக்கு நிய்யத்து உண்டோ?

மரம் மரத்துக்கு ஈகிறது என்றோர் இனிய செய்தி உலகெங்கும் பேசப்படுகிறது. கனடாவின் வனவியல் அறிஞர் சூசன் சிமார்டும் அவர்தம் தோழர்களும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வே அதற்கு மூலம். பிர்ச் கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் வெவ்வேறு வகைக் கரிமத்தைக் காற்றின் வழியே ஊட்டிப் பார்த்தனர். ஒன்று உண்டது மற்றொன்றின் உடலில் காணப்பட்டது. ஃபிர் கன்றுக்கு நிழல் மிகுந்தபோது அதற்கு வந்துசேர்ந்த பங்கும் மிகுந்தது. வேர்களைப் பிணைக்கும் பூஞ்சை இழைகளே பாலம் என்று அவர்கள் கருதினர்.

மாந்தர் உடனே மரத்தை வள்ளலாக்கிவிட்டனர். அவ்வாறாயின் சந்தன மரத்தை என்னவென்பது? தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் வளரும் அம்மரம், அண்டை மரங்களின் வேரில் தன் உறிஞ்சுறுப்பைப் பதித்து நீரையும் சத்தையும் இழுத்துக்கொள்கிறது. சென்னை மாகாணத்துத் தாவரவியலார் சி. ஏ. பார்பர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனை விரிவாக ஆராய்ந்தார். பிர்ச் வள்ளலெனில் சந்தனம் கள்வனன்றோ?

இரண்டுமில்லை. செயலை நிறுப்பது நிய்யத்து என்று கற்றவர்கள் நாம். நாடவும் விலகவும் இயலாத வேருக்கு நன்மையும் இல்லை, பழியும் இல்லை.

பழி எங்கே இருக்கிறது? 1992 ஜூன் 20 அன்று, அதே மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் புகுந்தனர். மக்களை அடித்தனர்; வீடுகளைச் சூறையாடினர்; பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. விலகி நிற்க அவர்களால் முடிந்திருக்கும். அதனாலேயே பழி அவர்கள்மீது நிலைத்தது.

நன்மை எங்கே இருக்கிறது? 1997ஆம் ஆண்டின் அந்த ஆய்வில் தாமும் பங்குகொண்ட மெலனி ஜோன்ஸ், 2023இல் வேறிருவருடன் சேர்ந்து, காட்டின் பூஞ்சை வலையைப் பற்றிப் பரவியுள்ள கூற்றுகள் பலவற்றுக்குப் போதிய சான்றில்லை என்று எழுதினார். ஊரார் மெச்சும் கதையை, அதில் தமக்கும் பங்கிருக்க, உரைத்துப் பார்ப்பது எளிதன்று. மௌனமாக இருந்துவிடவும் அவரால் முடிந்திருக்கும்.

காடு நமக்கு வியப்பைத் தருகிறது. படைத்தவனின் நுட்பத்தை நினைவூட்டுகிறது. அறத்தை மட்டும் அதனிடம் கடன் கேட்க வேண்டா. அண்டை வீட்டார் பசித்திருக்கையில், கொடுப்பதா வேண்டாவா என்று தயங்கும் கை மரத்துக்கு இல்லை. அது நமக்கே உண்டு. அதைப் பற்றிய கேள்வியும் நமக்கே உண்டு.