கை பேச்சைக் கேட்கும் நேரம்

எழுத்துதான் முதலில் காட்டிக்கொடுத்தது. வரியைத் தொடங்கும்போது உளுந்தளவு இருக்கும், முடிக்கும்போது கடுகாகிவிடும். தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். அதற்குச் சில வருடம் முன்பே, அடுப்பில் நெத்திலி கருகினாலும் எனக்கு வாசம் எட்டாது. பாசிர் பெனாம்பாங்கில் வாங்கிய நல்ல நெத்திலி! வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். 2019-இல் டாக்டர் பார்க்கின்சன் என்று சொன்னபோதுதான் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தது. மூளையில் டோப்பமின் சுரக்கும் அணுக்கள் சத்தமில்லாமல் அழிந்துகொண்டே வருமாம். கை ஆடத் தொடங்கும்போது பாதிக்குமேல் போயிருக்குமாம்.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் பால்மரம் வெட்டிய கை இது. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் இறங்காது. இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், தவறாமல் செய்த கைக்கு இப்போது ரவிக்கைக் கொக்கி அகப்படுவதில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், வேறொரு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. முதுகில் தொட்டி, தொட்டியில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. காற்று திரும்பினால் முகத்தில்தான். அதை நிறுத்த 2002-இல் மலேசிய அரசாங்கம் முடிவெடுத்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1-இல்தான் முழுதாகத் தடுத்தது. எனக்கு நோய்க்குப் பெயர் கிடைத்த மறு வருடம். பாராகுவாட் புழங்கியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று 2011-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. என் கைக்கு அதுதான் காரணமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கூடவே மருந்தடித்த கூட்டாளிகள் பலருக்கு ஒன்றும் ஆகவில்லையே. இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. ராத்திரியில் புரண்டு படுப்பேன். அதற்குள் மாத்திரை நேரம் வந்துவிடும்.

மாத்திரை நேரம் தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்த பழைய பெரட்டு மாதிரி. விடியற்காலை ஐந்தரைக்கு முதல் மாத்திரை, அரை மணி கழித்துத்தான் பசியாறல். முட்டை, மீன், பருப்பு கூடவே போனால் மருந்து ஏறத் தாமதமாகும். அந்த மருந்துக்கு லெவோடோப்பா என்று பெயர். 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். வைத்தியத்துக்கு வந்தது 1960-களில். செம்பனைக்கு அடியில் படரவிடும் முக்குனா கொடி பூனைக்காலியின் சொந்தக்காரி! மரத்தில் ஏறாதபடி அதை அறுத்து இழுத்துப்போட்டதற்கு நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். பூனைக்காலியை அரைத்துக் குடி என்று இப்போது யோசனை சொல்லவும் ஆள் இருக்கிறது. விதைக்கு விதை அளவு மாறும் மருந்தை நம்பி, டாக்டர் கொடுத்ததோடு கலக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மாத்திரை ஏறியபின் மூன்று மணி நேரம் போலக் கை பேச்சைக் கேட்கும். பிறகு அடுத்த மாத்திரை ஏறும்வரை விறைப்பு. அந்த நல்ல நேரத்தை எதற்குச் செலவழிப்பது? முதல் இரண்டு வருடம் ஊராருக்கே செலவழித்தேன். கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று விசாரித்து, அதற்குக் கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டு, ஆடாத கையோடு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்து சேர்வது கட்டை மாதிரி ஓர் உடம்பு. பேத்திதான் கேட்டாள்: “பாட்டி, வெளிய போனா மட்டும் நல்லா இருக்கீங்களே, ஏன்?”

அவளுக்கு என்ன பதில் சொல்வது!

இப்போது கல்யாணத்தில் கை ஆடினால் ஆடட்டும் என்று போகிறேன். ஊர் இரண்டு நாள் பேசியது, பிறகு அதற்கு வேறு கதை கிடைத்துவிட்டது. தோசை ஊற்றுவதை மருமகளிடம் விட்டுவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான். கொக்கி மாட்ட வீட்டுக்காரர் பாய்ந்து வருவார். நான் கேட்டால் மட்டும் வாருங்கள் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அங்கே அவர் தரையில் சிவப்பு டேப்பைக் கோடுகோடாக ஒட்டினார். கோட்டைத் தாண்டு என்று மனசுக்குச் சொன்னால் கால் எழும்புகிறது. நிரையில் மரத்துக்கு மரம் போன நடைதான். ஒரு கோடு கோணல், அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

காலையின் நல்ல நேரம் பேத்தியின் சடைக்கு. மருந்து ஏறப் பிந்தும் நாளில் பின்னல் இறுகாது, மூன்று பிரியும் மூன்று பக்கம் போகும். அவிழ்த்து மறுபடி தொடங்குவேன். அவள் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ரிப்பனைப் பிடித்தபடி நிற்பாள். வெளியே பள்ளி வேன்காரர் இரண்டாவது முறை ஹார்ன் அடிப்பார்.