காலாவதியான எதிர்காலம்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நடப்பது 2021, 2022-ல். அந்த வருஷங்கள் வந்தன, போயும் விட்டன. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது என் தகப்பனார் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த பிரதியைத்தான், 2021-ல் பாதி சீட்டு காலியாக ஓடிய ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், முகக்கவசத்தோடு உட்கார்ந்து மறுபடி படித்தேன். நாவலில் கொரோனா இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஜோசியம் பலித்ததா என்று சரிபார்ப்பது வாசிப்பாகாது. விஞ்ஞானக் கதை என்றவுடன் நம்மவர்கள் அதை மட்டுமே செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

என்னை உறுத்தியது வேறொன்று. ஒரு காரியத்தை உள்ளிருந்து தெரிந்துகொண்டவன் எழுத உட்காரும்போது, தெரிந்ததில் எவ்வளவைச் சொல்லக் கடமைப்பட்டவன்?

எஸ். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகமும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்து, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தவர். குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் (ரா.கி.) இருந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக் கொண்டார். (வங்கிகளில் இயந்திரமயம் வேண்டும் என்று 1984-ல் அறிக்கை கொடுத்த ரிசர்வ் வங்கிக் குழுவின் தலைவரும் ஒரு ரங்கராஜன்தான். என் உத்தியோகத்தின் இன்றைய சொரூபத்துக்கு அவரும், என் வாசிப்பின் ஆரம்பத்துக்கு இவரும் பொறுப்பு.) மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முயற்சியில் முக்கியப் பொறுப்பு வகித்தவர். 1982-ல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் இந்த வகை இயந்திரம் பரீட்சை பார்க்கப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கிற்று. சட்டத்தைத் திருத்திய பிறகே இயந்திரம் திரும்ப வந்தது.

ஒரு தேசம் தன் சம்மதத்தை ஒரு பெட்டியின் பொத்தானிடம் ஒப்படைக்கத் தயாராகிறது. தயாரிக்கிறவர்களில் ஒருவர் அதே காலத்தில், ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் இந்தியாவை வாராவாரம் எழுதுகிறார். அங்கே பிள்ளை பெற அனுமதி வேண்டும், பெயருக்கு இரண்டெழுத்துக்கு மேல் கிடையாது, முதுமை அரசாங்கத்தால் தீர்த்துக் கட்டப்படுகிற சங்கதி. கடைசியில் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, ஹோலோகிராம் பிம்பம்தான் என்று தெரிகிறது. தமிழில் அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையான கற்பனை குறைவு. ஆளுகிறவன் யாரென்று கேட்டால் திரைக்குப் பின்னால் நாலு பேர் என்பது, வெகுஜனப் பத்திரிகையின் பெண் பிள்ளைப் படங்களுக்கு நடுவில் அச்சாகியிருக்கிறது. நம் சிறுபத்திரிகைகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. எங்கே அச்சானது என்பதை வைத்தே எது எழுதப்பட்டது என்று தீர்மானித்தோம். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்று எழுதியபோது நம்மவர். விகடனில் எழுதினால் வியாபாரி. ஒரே கைதான் எழுதியது.

ஆனாலும் அந்த நாலு பேரோடு நாவல் நின்றுவிடுகிறது. மேலே பிம்பத்தை இயக்குகிறவர்கள், கீழே ஏமாறுகிற நிலா. நடுவில் அனுமதிச் சீட்டைக் கொடுக்கிறவன், இயந்திரத்தின் எதிரே தினம் எட்டு மணி நேரம் உட்காருகிறவன், தான் செய்வது என்னவென்று பாதி தெரிந்தும் மாதச் சம்பளத்துக்காக மீதியை விசாரிக்காதவன், அவன் கதையில் ஒரு பாத்திரமாகக் கனம் பெறுவதே இல்லை. சர்க்கார் ஸ்தாபனத்தில் வாழ்நாளைக் கழித்த எழுத்தாளருக்கு அவனைத்தான் எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த இடத்தைச் சாமர்த்தியத்தால் தாண்டிப் போகிறார். அத்தியாயம் முடிய வேண்டும், திருப்பம் வேண்டும் என்பது சமாதானம்தான். முழுச் சமாதானம் அல்ல.

ஏனென்றால் புதுமைப்பித்தன் இருக்கிறார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-ல் பத்திரிகைக்கு எழுதிய கதைதான். கடவுள் மதராஸுக்கு வருகிறார். பிள்ளை அவரிடமே வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா வாங்கப் பார்க்கிறார். சந்தா 25 ரூபாய். அந்தத் தொகைதான் கதை. அற்புதம் தெருவில் இறங்கியவுடன் ரசீதுப் புத்தகத்தின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. பத்திரிகை ஆபீஸ்களில் உழன்று, சினிமா என்று புனே போய், காசநோயோடு திரும்பி, 1948-ல் திருவனந்தபுரத்தில் 42 வயதில் செத்துப் போனவருக்கு ரசீதுப் புத்தகம் எப்படி இருக்கும் என்று தெரியும். தெரிந்ததை விடவில்லை.

இதிலிருந்து பட்டினி எழுத்தைச் சுத்தப்படுத்தும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம் வட்டத்தில் அந்த மூடநம்பிக்கை உண்டு. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிற நான் அதைச் சொன்னால் அசிங்கம். உத்தியோகத்தின் பாதுகாப்பு ஒருவனுக்குச் சில உண்மைகளைத் தருகிறது. அவற்றுக்கு அவன் என்ன செய்கிறான் என்பதே என் கேள்வி.

இங்கே ஊர் சமாச்சாரம் ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய 'ஆமுக்த மால்யதா'வைத் தமிழாக்கியவர் ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா, 1989-ன் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குத்தான். ஆண்டாள் கதைக்குள் மாலதாசரி என்ற தாழ்த்தப்பட்ட பாகவதனின் கதை வருகிறது. திருக்குறுங்குடியில் இன்றும் கைசிக ஏகாதசி இரவு நாடகமாக நடக்கும் நம்பாடுவான் கதைதான். பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான், பாடிவிட்டு வந்து இரையாகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போனவன் திரும்பி வருகிறான். அரசர் எழுதிய காவியத்தில், கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டியவனுடைய சொல் ராட்சசனுக்கு மோட்சம் தருகிறது. ராட்சசன் நிஜமா என்று யாரும் கேட்பதில்லை. திரும்பி வருகிற அந்த நடை நிஜமாக இருக்கிறது. மாயக் கதை ஒரு மனிதனின் வாக்கைச் சோதிக்க ஏற்பட்ட கருவியாக இங்கே ஐந்நூறு வருஷமாக இருந்து வந்திருக்கிறது. ஆழ்வார்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இது தெரியாத பாரம்பரியமல்ல.

தெரிந்ததால்தானோ என்னவோ, ஜீனோ பிழைத்துக்கொண்டது. அந்த இயந்திர நாய் புஸ்தகம் படிக்கிறது, தனக்கு இட்ட வேலையைத் தாண்டி யோசிக்கிறது, நிலாவை விட்டுக்கொடுப்பதில்லை. நாவலில் தார்மீகம் என்று ஏதாவது இருந்தால் அது நாயிடம்தான் இருக்கிறது. எங்கள் ஊர் வெள்ளை நாயைத் தபால் தலையில் போட்டார்கள், 2005-ல். அந்த ஜாதியைக் கலப்பில்லாமல் வெள்ளையாகவே காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது சகஜம். கூப்பிட்டால் கேட்காத நாயைப் பார்த்து வளர்ந்த எனக்கு, எல்லாம் கேட்டுப் பதில் சொல்லும் ஜீனோ சிறுவயதில் பொறாமையாக இருந்தது.

பிறகு வந்தவர்களில் ஜெயமோகன் 'விசும்பு' தொகுதியில் விஞ்ஞானத்தைத் தத்துவ விசாரணைக்குத் திருப்பினார். தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா' மறுபடி விகடனிலேயே தொடராக வந்தது. வங்கி, கணினி இரண்டும் அறிந்த இரா. முருகன் 'அரசூர் வம்ச'த்தில் பேய்களிடம் போய்விட்டார். நான் எதிர்பார்த்த இடத்துக்கு இவர்களும் போகவில்லை. எதிர்பார்ப்பு என்னுடையது, அவர்கள் கடனாளிகள் அல்லர்.

அந்த இடம் எனக்கு எதிரிலேயே இருக்கிறது. ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை விரல் ரேகை வைத்து நிரூபிக்க வேண்டும். 2014-ல் வந்த அந்த ஏற்பாட்டுக்கு ஜீவன் பிரமாண் என்று பெயர். ஜீவா ஞாபகம் வராமல் இருக்குமா? நூற்பாலையில் முப்பது வருஷம் அறுந்த நூலை முடிந்து முடிந்து ரேகை தேய்ந்த ஒரு அம்மாள் கவுண்டருக்கு வந்தாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், மறு கை. இயந்திரம் ஏற்கவில்லை.

"ஏந் தம்பி, நான் இல்லைங்குதா?"

முதியவர்களை அழிக்கச் சர்வாதிகாரி தேவைப்படவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரி போதுமாக இருந்தது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டியது நான். நேரில் பார்த்தேன் என்று அதிகாரி கையெழுத்திடும் காகிதச் சான்றிதழுக்கு விதியில் இடமுண்டு என்பது எனக்குத் தெரியும். வரிசை நீளமாக இருந்தது. மதியம் வரச் சொன்னேன்.

மதியம் அவள் வரவில்லை. மறுநாள் வந்தாள், மகன் வயசுக்காரன் ஒருவனோடு. படிவத்தை எடுத்துக்கொண்டு நானே அதிகாரியின் மேஜைக்குப் போனேன்.

அந்த ஒரு நாளை எழுதிப் பார்க்கிறேன். மூன்று பக்கத்துக்கு மேல் போகவில்லை. மூன்றாம் பக்கத்தில், வரிசை நீளமாக இருந்தது என்ற வாக்கியத்தை அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருக்கிறேன்.