பசி எழாத உடலும் உண்ணும் நியமமும்

பசித்த உயிரின் துயரை ஆற்றுவதே தலையாய வழிபாடு என்று கொண்ட வள்ளலார் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அந்தப் பசியே எழாத சரீரத்துக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்னும் வினாவை நம் காலத்து வைத்தியம் எழுப்பியிருக்கிறது.

டாக்டர் சி. பழனிவேலு போன்றோரின் நுண்துளை அறுவை சிகிச்சையால் பேர்பெற்ற கோயம்புத்தூரில், மிகுந்த பருமனால் சர்க்கரை நோயும் மூச்சுத்திணறலும் உற்றோர் இரைப்பையைச் சுருக்கிக்கொண்டு புதுவாழ்வு பெறுகிறார்கள். இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கும் சிகிச்சையில், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு மிகுதியாக ஊறும் மேற்பகுதியும் போய்விடுவதால், நாலு வாய் உண்டதும் வயிறு நிறைந்து, அடுத்த வேளையின் நினைவே பல மாதங்களுக்கு எழாமல் இருப்பதுண்டு. எடை குறையக் குறைய வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டிய புரதம் உட்செல்லாதபோது கொழுப்போடு தசையும் கரைகிறது, முடி உதிர்வது மிகுகிறது, நாளடைவில் இரத்தத்தில் ஆல்புமின் தாழ்ந்து கால்கள் வீங்குகின்றன. பசியில்லாமலே நேரும் பட்டினி இது.

இந்நிலையிலுள்ள ஒருவர், உணவில் பற்று தானே அற்றுவிட்டதென்று மகிழ்ந்து, ஐப்பசியில் கந்த சஷ்டியின் ஆறு நாளும் மருதமலை முருகனை நினைந்து உபவாசம் இருப்பாராயின், அதைத் தபஸ் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. விரதத்தின் சாரம் இச்சையை வெல்வது; இவருக்கோ இச்சை சிகிச்சையோடு ஒடுங்கிவிட்டது. உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். கீதையின் ஆறாம் அத்தியாயமும், மிகுதியாக உண்பவனுக்கு மட்டுமன்றி, அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாதென்று கூறுகிறது. ஆதலால், விருப்பமில்லாதபோதும் வேளை தவறாமல் உண்பதே இவர் ஏற்கவேண்டிய நியமம். அதுவே இவருக்குக் கடினமானதும் ஆகும்.

புலால் மறுத்த குடும்பங்கள் தம் நெறியைக் கைவிட வேண்டுமோ என்று அஞ்சுவதுண்டு. வேண்டியதில்லை என்பதே என் துணிபு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றனர் முன்னோர். கொழுத்துப் பின் இளைத்தவருக்கும் அக்கொள்ளே துணையாகிறது. 100 கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டு. சுருங்கிய வயிறு அதை மட்டுமே நம்பியிருக்க இயலாதாகையால் தயிர், பன்னீர், சோயா, மருத்துவர் சொல்லும் பாற்புரத மாவு ஆகியவற்றைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். "இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்கோ கண்ணு" என்று அன்பு மீதூர வற்புறுத்தும் கொங்கு நாட்டுத் தாய்மார், சோற்றைப் பின்னுக்கு வைத்துக் கடைந்த பருப்பை முன்னே வைப்பார்களானால் பேருபகாரமாகும்.

விரதமிருந்தே தீரவேண்டும் என்னும் பக்தருக்கு மௌனம் இருக்கிறது, மருதமலைப் படிகள் இருக்கின்றன, பசித்தோருக்கு அன்னமிடும் பந்திகளும் இருக்கின்றன.