கற்றுக்கொள்பவரிடம் மனம் திறத்தல்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் ‘கவுன்சிலிங்’ என்றால் பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லூரி சீட்டு. ஆசிரியர் வீடாக இருந்தால் இடமாறுதல். மனத்தைப் பற்றிய கவுன்சிலிங் இங்கே பின்னால் வந்து சேர்ந்த பொருள். 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த குழுமூர் அனிதா, நீட் தேர்வால் மருத்துவ இடம் கைநழுவி, 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தபோது இந்த இரண்டு பொருளும் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றன. அந்த மரணம் எழுப்பிய கேள்வி ஆறுதல் பேச்சால் தீரக்கூடியது அல்ல; அது வேறு வழக்கு. ஆனால் அதன்பின் தேர்வு முடிவு வரும் நாள்களில், பிள்ளையின் முகத்தைப் பார்த்து ‘யாரிடமாவது பேச வைக்கலாமா’ என்று யோசிக்கும் பெற்றோரை இந்த ஊர்களில் காணமுடிகிறது.

அந்த ‘யாராவது’ பல நேரங்களில் ஒரு மாணவர்தான். சமூகப்பணியோ உளவியலோ படித்துக்கொண்டு, களப்பணிக்காக மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ காப்பகத்துக்கோ வாரத்தில் ஓரிரு நாள் வந்துபோகும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. எதிரே உட்காருபவர் கணவனின் குடியால் நொந்த நாற்பத்தைந்து வயதுக்காரி என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் பார்ப்பது வயதை. “உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று கேட்பார். பயிற்சியில் இருப்பவர் இதைத் தன் தகுதியைச் சோதிக்கும் கேள்வியாக எடுத்துக்கொண்டு தடுமாறுவார். அந்த அம்மா கேட்பதோ, நான் சொல்லப்போவது உனக்குப் புரியுமா என்பதை. “இல்லம்மா, நான் இன்னும் படிக்கிறேன். நீங்க சொல்லுங்க, புரிஞ்சுக்கப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் அங்கேயே போய்விடும்.

அடுத்து வருவது படிவம். பெயர், வயது, ஊர். அதோடு நிற்காமல் “எந்தத் தெரு?” என்று வாய் தவறி ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும். இந்த மண்ணில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது. கேட்டவருக்கு அந்த எண்ணமே இல்லாதிருக்கலாம். ஆனால் சொல்ல வந்தவர் அந்த நொடியில் வாயைப் பூட்டிக்கொள்வார். பிறகு எவ்வளவு நயமாகப் பேசினாலும் “ஒண்ணுமில்ல, தூக்கம்தான் வரல” என்பதோடு சரி.

அனுபவம் இல்லாதது அவ்வளவு பெரிய குறையா? 1979இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரப், ஹாட்லி என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனத்துயரில் இருந்த கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தேர்ந்த சிகிச்சையாளர்களிடமும், இன்னொரு பகுதியினரை, சிகிச்சைப் பயிற்சி ஏதுமில்லாத, பரிவுள்ளவர்கள் என்று பெயரெடுத்த பேராசிரியர்களிடமும் அனுப்பினார்கள். சராசரியாகப் பார்த்தால் இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள். நம் பக்கத்திலேயே, 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையம், தன்னார்வலர்களின் காதுகளை நம்பித்தான் நடக்கிறது. கோவாவில் மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களை ஆய்வாளர்கள் பழக்கி, கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு பேச வைத்தார்கள். பலன் இருந்தது என்று 2017இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த உள்ளூர்க்காரர்களுக்குப் பின்னால் மேற்பார்வை இருந்தது. தன் கைக்கு மீறியதை யாரிடம் ஒப்படைப்பது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பணிக்குத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாக வைத்தார். சூட்டை ஆற்றுவதும் அதில் இருக்கிறது, வழியில் செலுத்துவதும் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே பசியோடு வருபவனுக்கு வழி சொல்கிறான். அவன் குருவல்ல, நேற்றுவரை அதே பசியில் கிடந்தவன். பயிற்சியில் இருப்பவரின் சங்கடம் என்னவென்றால், அவர் அந்த வழியில் இன்னும் போய்வரவில்லை. போய்வந்ததுபோல நடிப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

நடிப்பை விட்டாலும், வந்தவர் அறியாத ஒன்று இருவருக்கும் நடுவே உள்ள மேசையில் இருக்கிறது: ரெக்கார்டு நோட்டு. சமூகப்பணிப் படிப்பில் பேசியதை ஏறக்குறைய அப்படியே எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டும் வழக்கம் உண்டு. அது இல்லாமல் கற்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பெயரை மாற்றியும் எழுதுவார்கள். ஆனால் தான் அழுதது யாருடைய மதிப்பெண்ணிலோ போய்ச் சேர்கிறது என்பதை அழுதவருக்குச் சொல்ல வேண்டாமா? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியின் செய்திகள் மறைவாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமை என்கிறது. சட்டம் கிடக்கட்டும். ஒரே பேருந்தில் சித்தப்பா மகனும் சம்பந்தி வீட்டாரும் ஏறும் சிறிய ஊரில், மருத்துவமனை வாசலில் நிற்பதைப் பார்த்தாலே செய்தி வீட்டுக்குப் போய்விடும். அங்கே வாய் திறப்பவர் தருவது சாதாரணமான கொடை அன்று. வாங்குகிறவர் மாணவர். கடன் அவர் பக்கம்தான்.

அந்தக் கடன் மிகவும் மறக்கப்படுவது கடைசி நாளில். பருவத் தேர்வு நெருங்கும், களப்பணி முடியும், மாணவி ஊருக்குப் போய்விடுவார். முன்கூட்டியே சொல்லி, இத்தனை வாரம்தான் இருப்பேன் என்று எண்ணிக் காட்டி விடைபெறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அந்த அம்மா “நல்லாப் படிச்சு வா தாயி” என்று தலையில் கைவைத்து அனுப்புவார். சொல்லாமல் போனால், அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் பேருந்து ஏறி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இரண்டு மாதம் கழித்து வேறொரு பிள்ளை புதிய நோட்டோடு வந்து, “உங்க பிரச்சினை என்னம்மா?” என்று கேட்கும்.

“மறுபடியும் முதல்லேருந்து சொல்லணுமா?” என்பார் அந்த அம்மா.