பதில் சொல்ல முடியாத குறிகள்

மொழி தெரியாத நாடுகளில் வந்து விழுந்த எம்மை முதலில் நடத்திச் சென்றவை குறிகள்தான். வாசலுக்கு மேலே ஓடும் பச்சை மனிதன், கழிப்பறைக் கதவில் பாவாடை, கோப்பை கழுவும் இடத்துச் சவர்க்காரக் கலனில் அரிக்கப்படும் கையின் படம். அவற்றை நாம் தமிழில் வாசித்தோம். பக்கத்தில் நின்ற குர்திஷ்காரன் தன் மொழியில் வாசித்தான். ஒலியைத் தொடாமல் கருத்துக்கே நேராகப் போகும் எழுத்து இருந்தால், மனிதர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள அது போதுமா?

இக்கேள்விக்கு ஆயுளைக் கொடுத்தவரும் ஓர் அகதிதான். சார்ள்ஸ் பிளிஸ், 1897இல் செர்னோவிட்ஸில் பிறந்த யூதர், இரசாயனப் பொறியியலாளர். பல மொழி பேசிய இனங்கள் ஒன்றையொன்று வெறுத்த நகரம் அது. 1938இல் நாஜிகள் அவரை முகாமில் அடைத்தார்கள். விடுதலையாகி, இங்கிலாந்து வழியாக ஷங்காய் போய்ச் சேர்ந்தார். அங்கே சீன எழுத்துகளைப் பழகியபோது, அவற்றைத் தன் சொந்த மொழியிலேயே வாசிப்பதைக் கவனித்தார். (சீன எழுத்துகளில் பெரும்பாலானவற்றுள் ஒலியைச் சுட்டும் கூறும் உண்டு என்பது வேறு கதை.) 1946இல் அவுஸ்திரேலியா போனார். அங்கே அவரது பட்டத்தை எவரும் மதிக்கவில்லை, தொழிற்சாலையில் கூலிவேலை. 1949இல் தன் குறிமொழியை நூலாக வெளியிட்டார். அதில் இதயம் என்றால் உணர்வு. மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கியது சேர்ந்தால் துயரம். சொற்களை வைத்துத்தான் மக்களை ஏய்க்கிறார்கள், குறிகளில் அது கடினம் என்று நம்பினார்.

நாம் அப்படி நம்ப இயலாது. 1957இல் இலங்கையின் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ வந்தது. ஒலியைக் குறிக்கும் வெறும் எழுத்து. ஆனால் வடக்குக் கிழக்கில் அதை ஒலியாக யார் வாசித்தார்கள்? நாடு எவருடையது என்ற கருத்தாகவே வாசித்துத் தார் பூசினார்கள். 1958இல் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. மே மாதம் மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். இரு பக்கமும் குறியை மிகச் சரியாகவே விளங்கியிருந்தது. எண்பதுகளில் எங்கள் ஊர் மின்கம்பங்களில் கட்டப்பட்ட உடல்களும் குறிகள்தான். கழுத்தில் தொங்கிய மட்டையை வாசிக்க எவரும் கிட்டப் போகவேண்டியிருக்கவில்லை. இதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

அந்தக் குறிகளுக்குப் பதில் சொல்ல வழியிருக்கவில்லை. சமையலறைச் சுவரிலும் அதே சங்கதி, சிறிய அளவில். கை கழுவு என்று படம் ஒட்டியிருக்கிறது. போன மாதச் சம்பளத்தில் பத்து மணித்தியாலம் குறைகிறது என்று முதலாளிக்குக் காட்ட எங்களிடம் படம் கிடையாது.

பிளிஸின் குறிகள் இருபது வருடத்துக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1971இல் ரொறொன்ரோவில், மூளைவாதத்தால் பேச முடியாத பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை அவற்றைப் பழக்கினார். பலகையில் குறியைச் சுட்டி அப்பிள்ளைகள் கேட்கவும் மறுக்கவும் தொடங்கினார்கள். பிளிஸுக்குப் பெரும் மகிழ்ச்சி. பிறகு, தன் குறிகளை நிலையத்தார் மாற்றுகிறார்கள் என்று கோபங்கொண்டு பல வருடம் சண்டை பிடித்தார். அவர் 1985இல் இறந்துபோனார். இன்றைய பலகைகளில் அவர் வரையாத குறிகளும் இருக்கின்றன.