கூலி வாங்காதவரிடம் எவ்வளவு கேட்கலாம்?

அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடத்தை ஒட்டியுள்ள வரதராஜன்பேட்டை, கத்தோலிக்கர் நிறைந்த பேரூராட்சி. சுற்றுவட்டாரமெங்கும் முந்திரிக்காடு. மாசி கடைசியில் பழுக்கத் தொடங்கும் முந்திரி பங்குனியிலும் சித்திரையிலும் உதிர்ந்து கொட்டும். ஏறக்குறைய அதே வாரங்களில்தான் தவக்காலமும் புனித வாரமும் வருகின்றன. கொட்டை பொறுக்கும் குடும்பங்களுக்கு ஆண்டிலேயே அதிகம் வேலை கிடைப்பது அப்போதுதான். கோவிலுக்கும் அதிகம் ஆள் தேவைப்படுவது அப்போதுதான். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், புனித வெள்ளி, பாஸ்கா இரவு என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பாட்டுப் பயிற்சி உண்டு, வாசகம் படிக்க ஆள் வேண்டும், பீடச்சிறுவர்களுக்கு ஒத்திகை பார்க்க வேண்டும்.

விடியலிலிருந்து தோப்பில் குனிந்து நிமிர்ந்துவிட்டு, நகக்கண்ணில் முந்திரிப் பழச்சாற்றின் கறையோடு ஒரு பெண் மாலைப் பயிற்சிக்கு வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் அரைமணி நேரம் போய்விட்டது. பயிற்சிக்குச் சரியாக வராதவர் பாடகற்குழுவில் நிற்க வேண்டாம் என்பது அந்தப் பங்கின் விதி. பாட்டு சிதைந்தால் வழிபாடு சிதையும் என்பதால் விதியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விதியைக் கடைப்பிடிக்க மாதச் சம்பளக்காரருக்குச் செலவு ஒன்றுமில்லை. தினக்கூலிக்காரரோ அரைநாள் கூலியை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கும் ஒரு திருச்சபை, அந்த வேலைக்கு வருகிறவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. ஒரு பங்கில் குருவானவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். ஞாயிறு மறைக்கல்வி எடுப்பதும், அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவின் கூட்டத்துக்கு வீடு வீடாய்ச் சொல்லிவருவதும், நோயாளியின் வீட்டில் செபமாலை சொல்வதும், திருவிழாவுக்குப் பந்தல் போடுவதும், மந்திரிப்புக்குச் சப்பரத்தைத் துடைத்து வைப்பதும் கூலி வாங்காதவர்கள்தான். அவர்கள் ஒரு மாதம் கை ஓய்ந்தால் பங்கு ஸ்தம்பித்துவிடும்.

இந்தக் கேள்வி அரியலூர் மண்ணுக்குப் புதியதல்ல. இதே மாவட்டத்தில் கொள்ளிடத்தை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் இருந்து ஊழியம் செய்த வீரமாமுனிவர், தேம்பாவணி பாடியவர் என்றே பெரும்பாலோருக்குத் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஓர் உரைநடை நூலும் எழுதினார். வேதியர் என்று அவர் சொன்னது உபதேசியாரை. குருவானவருக்குத் துணையாக ஊர் ஊராய்ப் போய் மறை போதித்த பொதுநிலையினர் எப்படி வாழ வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்காகவே எழுதப்பட்ட நூல் அது. தமிழ் உரைநடையின் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. முனிவர் ஊழியம் செய்த மதுரை மிஷனில் ஒரு குருவின் பொறுப்பில் பல நாள் நடந்தாலும் தீராத நிலப்பரப்பு இருந்தது. அவர் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஊரில் மீதி நாளெல்லாம் திருச்சபையின் முகமாக இருந்தவர் உபதேசியார். அவர் பொய் சொன்னால் திருச்சபையே பொய் சொன்னதாக ஆகும். ஆகவே முனிவர் அவரிடம் ஒழுக்கம் கேட்டது மிகையல்ல.

கேட்டவர்கள் கொடுக்கவும் செய்தார்களா என்று பார்க்க, இன்னும் இரு நூற்றாண்டு பின்னே போக வேண்டும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தாம் ஒருவரே எல்லாக் கரையோர ஊர்களிலும் இருக்க முடியாது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். ஊருக்கு ஒருவரை நியமித்தார். செபங்களைச் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கோவிலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? முத்துக் கரையிலிருந்து போர்ச்சுக்கல் அரசி கேத்தரினின் காலணிச் செலவுக்கென்று 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைத்தான் சவேரியார் உபதேசியார்களுக்காகக் கேட்டு வாங்கினார். பக்தி இருந்தால் போதும், வயிறு தானாக நிறையும் என்று அந்தப் புனிதர் நினைக்கவில்லை. நாள் முழுவதும் கேட்கிற வேலைக்கு நாள் முழுவதற்கும் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பவுலடிகளும் இதன் இரு பக்கத்தையும் அறிந்தவர். கொரிந்து நகரில் கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே போதித்தார். அதே கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9-ஆம் அதிகாரத்தில், நற்செய்தி அறிவிப்பவர் அதனாலேயே பிழைக்க உரிமை உண்டு என்று நீளமாக வாதாடிவிட்டு, அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். உரிமையை விட்டுக்கொடுத்தவர் அவர். சபை அதை அவரிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிடும் நிர்வாகங்கள்தான் தியாகம் என்ற சொல்லை அடுத்தவர் சார்பில் தாராளமாகச் செலவழிக்கின்றன.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகவே பேசுகிறது. வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளை ஏற்பதால் மட்டும் ஒருவருக்கு ஊதிய உரிமை வந்துவிடாது என்கிறது 230-ஆம் சட்டம். அடுத்த சட்டமே வேறு குரலில் ஒலிக்கிறது. திருச்சபையின் தனிப் பணிக்கென்று நிலையாகவோ சிறிது காலத்துக்கோ தம்மை ஒப்படைக்கும் பொதுநிலையினர் அதற்குரிய பயிற்சி பெற வேண்டும். அதோடு, அவர்களும் குடும்பமும் கண்ணியமாக வாழும் அளவுக்கு ஊதியமும், சமூகப் பாதுகாப்பும், மருத்துவ உதவியும் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. ஞாயிறு ஒரு வாசகம் படிப்பவருக்கும், காலை ஐந்தரை மணிக்கு மணியடித்து இரவு கதவு சாத்தும் கோவில்பிள்ளைக்கும் இடையே சட்டம் கோடு போடுகிறது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பங்குகள் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்கிய உதவி, ஐந்து ஆண்டில் முழுநேர வேலையாகிவிடும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வேட்டியோ சேலையோ கொடுப்பதோடு கணக்கு முடிந்துவிடும். இது அநீதி. இதைச் செய்வது ஆலயம் என்பதால் அநீதியின் எடை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

ஆனால் கூலி இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று ஊழியர் பக்கமிருந்து வரும் வாதமும் நிற்காது. மூன்று விஷயங்களில் திருச்சபை தயங்காமல் கண்டிப்பாக இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும்.

முதலாவது, குழந்தைகள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெற்றோர் பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். அந்த நிம்மதி அந்த ஆசிரியருக்குக் கிடைத்த கடன். 2012-இன் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் புகார் செய்ய வேண்டும் என்று 19-ஆம் பிரிவில் கட்டாயமாக்குகிறது. மறைத்தால் தண்டனை உண்டு. சம்பளம் வாங்காத ஆசிரியருக்கும் இதில் விலக்கு கிடையாது. சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ ஊழியத்திலோ இருப்பவர் குற்றம் செய்தால் தண்டனை கூடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் தமிழ்ப் பங்குகளில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருபவர் முதலில் அரசின் சோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதை அங்கே யாரும் அவமானமாக நினைப்பதில்லை. நம் ஊர்களில் மட்டும், ‘நம்ம பையன்தானே, அவனைப் போய்ச் சந்தேகப்படுவதா’ என்று முகம் சுளிக்கிறார்கள். சந்தேகம் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர் என்பதாலேயே கேட்காமல் விட்ட இடங்களில்தான் உலகெங்கும் திருச்சபை தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் முறைகேட்டுப் புகார்களுக்கென்று விதித்த நெறிமுறைகளை, 2023-இல் பன்னாட்டு இயக்கங்களின் பொதுநிலைத் தலைவர்களுக்கும் விரிவாக்கியது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

இரண்டாவது, வீட்டு இரகசியம். மரியாயின் சேனையினர் இருவர் இருவராக வீடு சந்திக்கப் போவார்கள். 1921-இல் டப்ளினில் தொடங்கிய இந்த இயக்கம் ஒவ்வோர் உறுப்பினரிடமும் வாரம் ஒரு கூட்டமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பணியும் கேட்கிறது. பொருளுதவி கொடுக்கக் கூடாது என்பது அதன் விதி. பாரிசில் 1833-இல் பிறந்த வின்சென்ட் தே பவுல் சபையினரோ அரிசியும் மருந்தும் எடுத்துக்கொண்டு போவார்கள். இருவருக்கும் பொதுவானது ஒன்று. அந்த வீட்டு அடுப்பு எரியாத நாளை அவர்கள் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். மகன் குடிப்பதும், மருமகள் கோபித்துக்கொண்டு போனதும் தெரிந்துவிடுகிறது. ஒப்புரவுத் தொட்டியில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் சொல்லக் கூடாது. திண்ணையில் கேட்டதற்கு அப்படி முத்திரை கிடையாது. இந்த ஊழியரிடம் இருப்பது வாய்க்கட்டு ஒன்றுதான். அது இல்லாதவரை, எத்தனை பக்திமானாக இருந்தாலும், வீடு சந்திக்க அனுப்பாமல் இருப்பதே ஏழைக்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவது, பணம். திருவிழா வரி, நேர்ச்சை, கட்டட நன்கொடை என்று கைமாறும் காசுக்கு ரசீது வேண்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இவை மூன்றும் பணியோடு நேராகத் தொடர்புடையவை. இவற்றுக்கு அப்பால் திருச்சபை கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஊழியம் செய்பவர் முன்மாதிரியாக வாழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் தாம் போதிப்பதையே ஊரறிய மீறினால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? இங்கே வீரமாமுனிவரின் கண்டிப்புக்கு இன்றும் இடமுண்டு. ஆனால் முன்மாதிரி என்பது அவரவர் நடத்தை. மகள் வேறு சமயத்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்பதற்காகத் தகப்பனை வாசகர் பட்டியலிலிருந்து நீக்கினால், அவர் செய்யாத காரியத்துக்கு அவரைத் தண்டிப்பதாகும். கணவனைப் பிரிந்து வந்தவள் என்பதற்காக ஒருத்தியை அன்பியப் பொறுப்பிலிருந்து இறக்கினால், அவள் எதனால் பிரிந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். ஊர் வாயை அடைப்பதற்கு எடுக்கும் முடிவை ஒழுங்கு நடவடிக்கை என்று அழைப்பது நேர்மையல்ல.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தமிழ்நாட்டில் முடிக்க முடியாது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்ட பின் மூண்ட கலவரம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் போய் முடிந்தது. சவ ஊர்வலம் போகும் பாதையும் கோவிலுக்குள் உட்காரும் இடமும் அங்கே பிரச்சினையாக இருந்தன. அப்படிப்பட்ட பங்கில் பீடச்சிறுவர் யார், வாசகர் யார், தேருக்குத் தோள் கொடுப்பவர் யார் என்ற பட்டியலைப் படித்தாலே திருச்சபை உண்மையில் எதை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துவிடும். தகுதி என்று எழுதிவைத்தது ஒன்றாகவும் பட்டியல் வேறாகவும் இருந்தால், எழுதிவைத்த தகுதிகளுக்கு மதிப்பு கிடையாது. பாத்திரம் விளக்கவும் பெருக்கவும் ஒரு தெருவிலிருந்தும், பீடத்தருகே நிற்க இன்னொரு தெருவிலிருந்தும் ஆள் எடுக்கிற ஆலயம், யாரிடமும் எதையும் எதிர்பார்க்கும் தகுதியை முதலில் தானே இழந்து நிற்கிறது.

பெண்கள் விஷயத்தில் சட்டம் நடைமுறைக்குப் பிந்தியே வந்தது. பெரும்பாலான பங்குகளில் மறைக்கல்வியைத் தாங்கி நிற்பவர்கள் அவர்களே. ஆயினும் வாசகர், பீடத்துணைவர் என்ற பணிகளை முறைப்படி ஏற்கும் உரிமை 2021 ஜனவரியில்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு மே 10 அன்று வேதியர் பணியையும் திருத்தந்தை பிரான்சிஸ் முறையான திருப்பணியாக நிறுவினார். பணிக்குத் திருச்சபை கொடுத்த இந்த மரியாதை பெரிது. ஆண்டிமடம் பக்கத்து ஊரிலிருந்து கும்பகோணத்துக்குப் பயிற்சிக்குப் போய்வர ஒரு பெண்ணுக்கு ஆகும் பஸ் கட்டணத்தை யார் கொடுப்பது, அன்றைய கூலிக்கு என்ன வழி, வீட்டில் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்பதை அந்த ஆணை தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்க வேண்டியது பங்கு.

பங்கில் தீர்மானம் எப்படி நடக்கிறது? திருச்சபைச் சட்டம் 536-இன்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. உழைப்பவர்களின் பிரதிநிதிகள் பேசலாம், முடிவு பங்குத்தந்தையுடையது. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. ஊழியர்களிடம் நேரம் தவறாமை கேட்கும் பங்கில், ஆண்டுக் கணக்கு நேரம் தவறாமல் வாசிக்கப்படுகிறதா? திருவிழாக் குழுவில் ஓடியாடி உழைத்த இளைஞன் வரவு செலவு கேட்டால் அவன் அடுத்த ஆண்டும் குழுவில் இருப்பானா? கேள்வி கேட்டவனைக் கீழ்ப்படியாதவன் என்று ஒதுக்கினால், சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவர்களே ஊழியத்தில் மிஞ்சுவார்கள்.

விலகிப்போகும் வழியும் முக்கியம். மரியாயின் சேனையில் சேருபவர் வாக்குறுதி எடுப்பதற்கு முன் குறைந்தது மூன்று மாதம் சோதனைக் காலத்தில் இருக்கிறார். தமக்கு இது முடியுமா என்று அவரும் பார்க்கலாம், இவர் சரிவருவாரா என்று இயக்கமும் பார்க்கலாம். இந்த நல்ல ஏற்பாட்டை மற்றப் பணிகளுக்கும் கொண்டுவருவதில் தடையொன்றுமில்லை. மறைக்கல்வி ஆசிரியரை இரண்டு ஆண்டுக்கென்று நியமித்து, முடிந்ததும் நன்றி சொல்லி, தொடர விருப்பமா என்று புதிதாகக் கேட்கலாம். மகளுக்குத் திருமணம், மாமியார் படுத்த படுக்கை, வெளிநாட்டு வேலை என்று விலகுகிறவர் காரணம் சொல்லத் தவிக்க வேண்டியிருக்காது. இருபது ஆண்டு பாடிவிட்டு ஒருநாள் நின்றுவிட்டவரைப் பற்றி, அவருக்கு விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று பிரசங்கத்தில் ஜாடை பேசும் வழக்கமும் ஒழியும்.

பயிற்சி நேரத்தைப் பாடுகிறவர்களைக் கேட்டே வைக்கலாம். தவக்காலத்தின் ஆறு வாரத்துக்கு இரவு எட்டு மணிக்கு மாற்றினால் கொட்டை பொறுக்குகிறவரும் வரலாம், பள்ளிப் பிள்ளையும் வரலாம். தாமதமாக வருபவருக்கு எளிய பல்லவியைக் கொடுக்கலாம், தனிப்பாட்டை நன்றாகப் பழகியவருக்கு விடலாம். முழுநாளும் கோவிலில் கிடப்பவருக்கு எழுத்தில் ஒரு சம்பளமும் மருத்துவக் காப்பீடும் ஏற்பாடு செய்ய, ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவிலிருந்தே தொடங்கலாம். இதற்கு ரோமிலிருந்து ஆணை வர வேண்டியதில்லை. பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச ஒருவர் எழுந்தால் போதும், பங்குத்தந்தை அவரை உட்காரச் சொல்லாமல் இருந்தால் போதும்.